வீட்டுக்குள் வந்த எக்ஸ்சேஞ்ச்

இரவு பத்தே முக்கால் ஆனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவோம். மயூர் விஹார் முதல் ஃபேஸில் நாங்கள் குடிவந்த 1991-ல், 'பாக்கெட்' என்று சொல்லும் எங்கள் குடியிருப்புத் தொகுதியின் கேட்டைத் தாண்டி மார்க்கெட் முனையில் ஒரு எஸ்டிடி பூத் இருந்தது. மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம். அதனால் அந்த நேரத்துக்குத்தான் கூட்டம். டிசம்பர் குளிரில் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கேரளத்து நர்ஸ்கள், வங்காளத்து குமாஸ்தாக்கள், எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் என்று யமுனைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்த எல்லாரும் வரிசையில் நிற்போம்.

எங்கள் முறை வந்ததும் 0435. கும்பகோணம். தில்லியில் இருக்கும் தெற்கத்தியார் அத்தனை பேரும் ஒரே மணிக்குத் தெற்கே கூப்பிட்டால் லைன் எங்கே கிடைக்கும்? விரல் நுனி வலிக்கும்வரை திரும்பத் திரும்ப எண்ணை அழுத்துவோம். கிடைத்தாலும் எடுப்பது அம்மா இல்லை. அம்மா வீட்டில் போன் கிடையாது. அது அடுத்த தெரு வக்கீல் வீட்டு எண். கடிதங்களில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றால் அம்மா பத்தரைக்கே போய் அவர்கள் ரேழியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் துணையாக வக்கீல் வீட்டு மாமியும் தூங்காமல் இருப்பார். ஒரு பெண் தன் அம்மாவோடு மூன்று நிமிடம் பேச, இரண்டு ஊரில் மூன்று வீடுகள் விழித்திருந்தன.

என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன். கண் மீட்டரில் இருக்கும், காது அம்மாவிடம். பகல் கட்டணம் என்றால் தில்லியிலிருந்து தமிழ்நாட்டுக்கு நிமிடத்துக்கு இருபது ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். அம்மா அதைக் கேள்விப்பட்டதிலிருந்து, கால் கட்டண நேரம் என்று எத்தனை சொன்னாலும், "எல்லாரும் சௌக்கியம்தானே, வெச்சுடு, வெச்சுடு" என்றுதான் ஆரம்பிப்பாள். அவள் முழங்கால் வலியைப் பற்றி எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சொல்ல நேரம் இருக்கவில்லை.

எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு இந்த பூத்கூட இல்லை. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். அவசரம் என்றால் சாதாரணக் கட்டணத்தைப்போல எட்டு மடங்கு கொடுத்து 'லைட்னிங் கால்'. 1984-ல் சாம் பிட்ரோடாவின் முனைப்பில் சி-டாட் தொடங்கி, உள்நாட்டு எக்ஸ்சேஞ்சுகள் சிற்றூர்களுக்குப் போய், தெருமுனைக்குத் தெருமுனை பூத்கள் முளைத்தபோது அது பெரிய விடுதலையாகவே இருந்தது. பதினொரு மணிக் குளிரில் நிற்பதையும் நாங்கள் விடுதலை என்றுதான் நினைத்தோம்.

வீட்டுக்குப் போன் வர மூன்று வருடம் ஆயிற்று. தில்லிக்கும் பம்பாய்க்கும் என்று 1986 ஏப்ரல் 1-ல் உருவான எம்டிஎன்எல்-இல் மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பது அப்போது ஜம்னா பார்க்காரர்களின், அதாவது யமுனைக்கு இந்தப் பக்கத்தவர்களின், வாழ்க்கை முறை. 1994-ல் ஒருநாள் லைன்மேன் வந்து சுவரில் துளையிட்டு, இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகளை உள்ளே இழுத்து, சிவப்பு நிறப் போனை வைத்துவிட்டுப் போனார். அக்கம்பக்கத்துக்கெல்லாம் பாயசம் கொடுத்தேன். அதற்குள் கும்பகோணத்தில் அம்மாவுக்கும் போன் வந்திருந்தது. வக்கீல் வீட்டு மாமி நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தச் செம்புக் கம்பிகளைப் பற்றி ஒரு விஷயத்தை நான் அன்று யோசித்ததே இல்லை. தில்லி கோடையில் மணிக்கணக்காகக் கரண்ட் போகும். மின்விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் நின்றுவிடும். போன் மட்டும் அடிக்கும். எப்படி என்றால், போனுக்கு வேண்டிய மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவே எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தது, 48 வோல்ட். எக்ஸ்சேஞ்சில் அறை நிறைய பேட்டரிகளும் டீசல் ஜெனரேட்டரும் இருந்தன. நம் வீட்டுப் போன் உயிரோடு இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் அங்கே பொறுப்பெடுத்துக்கொண்டிருந்தார். இதை முப்பது வருடம் கழித்து, ஒரு மோசமான ராத்திரியில்தான் உணர்ந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இணையம் வழியாகக் குரல் போகும் என்பது எங்கள் பக்கம் செய்தியாக வந்தது 90-களின் பிற்பகுதியில். விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதே வருடம் பிப்ரவரியில் வோகல்டெக் என்ற இஸ்ரேல் நிறுவனம், கணினியிலிருந்து கணினிக்குப் பேசும் மென்பொருளை விற்கத் தொடங்கியிருந்தது. ஆனால் இந்தியாவில் இணையத் தொலைபேசிக்குத் தடை. அமெரிக்காவுக்கு நிமிடத்துக்கு ஐம்பது அறுபது ரூபாய் என்று வருமானம் வந்துகொண்டிருந்த காலம் அது, தடை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. 2002 ஏப்ரல் 1-ல் தடை நீங்கியது, பாதி. அன்றைய விதிப்படி கணினியிலிருந்து கணினிக்கு எங்கு வேண்டுமானாலும் பேசலாம். கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம். கணினியிலிருந்து இந்தியாவுக்குள் இருக்கும் ஒரு தொலைபேசிக்குப் பேசக் கூடாது. ஆக, மயூர் விஹாரில் உட்கார்ந்து நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுப் போனை இணையத்தில் அழைக்கலாம், கும்பகோணத்தில் அம்மா வீட்டுப் போனை அழைக்க முடியாது. பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியவர்களுக்கு வழி பிறந்தது. பெற்றோரை ஊரில் விட்டுவந்தவர்களுக்குப் பிறக்கவில்லை. இது எனக்கு அப்போதும் வருத்தம், இப்போதும் வருத்தம்.

எங்கள் மார்க்கெட்டிலும் ஒரு சைபர் கஃபே வந்தது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு வயதான தம்பதிகள் அருகருகே உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காதில் பேரன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நாம் ஒரு வார்த்தை சொல்லி அது போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் அடுத்த வார்த்தையைத் தொடங்கிவிடுவோம். இரண்டும் மோதிக்கொள்ளும். 2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்ததும் அந்தச் சங்கடம் வெகுவாகக் குறைந்தது. ஊருக்குப் பேசுகிறவர்களுக்கு உண்மையில் கைகொடுத்தது இணையம் இல்லை, 2006 மார்ச் 1-ல் வந்த 'ஒன் இந்தியா' திட்டம். நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். அன்றைக்குத்தான் அம்மா முதன்முறையாக "வெச்சுடு" என்று சொல்லாமல் இருபது நிமிடம் பேசினாள்.

அடுத்தடுத்து வந்ததெல்லாம் நாம் எல்லாரும் பார்த்ததுதான். 2015-ல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு, அடுத்த ஆண்டு நவம்பரில் வீடியோ. 2016 செப்டம்பரில் ஜியோ. அதில் சாதாரணக் கைப்பேசி அழைப்பே இணையப் பொட்டலங்களாகத்தான் போயிற்று. பேசுகிறவர்களுக்கு அது தெரியவும் இல்லை, தெரிய வேண்டியும் இருக்கவில்லை. 2019 டிசம்பரில் ஏர்டெல் வைஃபை வழி அழைப்பை முதலில் தில்லி வட்டாரத்தில்தான் தொடங்கியது. சில வாரங்களில் ஜியோவும். ஸ்கைப் 2025 மே 5-ல் மூடப்பட்டது. சைபர் கஃபேயில் அந்தப் பெரியவர்கள் கேட்ட அந்த மணியோசை இனி யாருக்கும் கேட்காது.

குரல் எப்படிப் போகிறது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் ரயிலை வைத்துத்தான் சொல்வேன். தில்லித் தமிழர்களுக்கு அதைவிட நன்றாகப் புரியும் உதாரணம் வேறில்லை. பழைய எஸ்டிடி என்பது உங்கள் இருவருக்காக மட்டும் தில்லியிலிருந்து கும்பகோணம்வரை ஒரு தண்டவாளத்தை முழுதாக ஒதுக்கிவைப்பது. நீங்கள் பேசினாலும் பேசாமல் மூச்சுவிட்டாலும் அந்தத் தண்டவாளம் உங்களுடையது. அதனால்தான் அந்த விலை. இணையத்தில் அப்படி ஒதுக்கீடு கிடையாது. உங்கள் குரலை நொடிக்குக் குறைந்தது 8,000 தடவை அளந்து எண்களாக்கி, பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, நொடிக்கு ஐம்பது பொட்டலங்களை அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருக்கும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய ஐம்பது பேர் ஜி.டி.யிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலுமாக, கிடைத்த பெட்டியில் மற்றவர்களோடு நெருக்கி ஏறிப் போவதுபோல அவை போகின்றன. சென்னையில் ஒருவர் நின்று, வந்தவர்களை வரிசை எண்படி நிறுத்தி, பின்தங்கியவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்து, பிறகு எல்லாரையும் ஒழுங்காக அழைத்துப் போகிறார். ரொம்பத் தாமதமாக வருகிறவரை விட்டுவிட்டுப் போய்விடுவார். ஏனென்றால் பேச்சில் ஒரு துளி விடுபட்டால் காது சமாளித்துக்கொள்ளும், காத்திருந்தால் பேச்சே நடக்காது. ஒரு பக்கப் பயணம் 150 மில்லிநொடிக்குள் முடிந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்குச் சொல்கிறது. அதைத் தாண்டித் தாண்டிப் போனால், சைபர் கஃபே காலத்து மோதல் திரும்பிவிடும்.

இதில் நம் நாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். குரலை எண்களாக்கினால் எக்கச்சக்கமாகச் சேருமே, அதைச் சுருக்குவது எப்படி? அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் இருந்த பிஷ்ணு அடல், மான்ஃபிரட் ஷ்ரோடருடன் சேர்ந்து 1985-ல் வெளியிட்ட முறை, குரல்வளையும் வாயும் ஒலியை உண்டாக்கும் விதத்தையே கணக்காக்கி, மிகக் குறைந்த எண்களில் பேச்சை மீட்டுத் தந்தது. பிற்காலக் கைப்பேசிகளின் பேச்சுச் சுருக்க முறைகள் பல அந்த வேரில் வளர்ந்தவை. அடல் பிறந்தது கான்பூர், பட்டம் படித்தது லக்னோ. இந்தியாவில் முதல் எஸ்டிடி இணைப்பு 1960 நவம்பரில் போடப்பட்டதும் அந்த இரண்டு ஊர்களுக்கு இடையில்தான். இப்படி ஒரு பொருத்தம் அமைந்ததில் எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். எங்கள் மேல்வீட்டு மாமிக்கு எழுபத்தெட்டு வயது. மாமா போய்விட்டார், பையன் கலிஃபோர்னியாவில். செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டபோது, மாமியின் பழைய சிவப்புப் போனை, ஃபைபரோடு வந்த ஒரு வெள்ளைப் பெட்டியின் பின்னால் செருகிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே ரிசீவர், அதே மணி, அதே 'டயல் டோன்'. மாமிக்கு ஒன்றும் மாறவில்லை. ஒரு ஜூன் மாத ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. இருட்டில் எழுந்தவர் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தவழ்ந்து போய்ப் போனை எடுத்தால் அதில் சத்தமே இல்லை. கைப்பேசியில் சார்ஜ் இல்லை. விடியற்காலையில் பால்காரர் மணியடித்துக் கதவு திறக்காததால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தப் போன் ஏன் செத்துக் கிடந்தது என்று அன்று முழுக்க யோசித்தேன். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. சிவப்புப் போன் பார்க்கப் பழைய போன்தான், ஆனால் அது இப்போது இணையத் தொலைபேசி. குரலைப் பொட்டலமாகக் கட்டுவது, வரிசைப்படுத்துவது, மணி அடிக்க வைப்பது எல்லாவற்றையும் அந்த வெள்ளைப் பெட்டி செய்கிறது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறையோடும் இரவுக் காவலோடும் நடந்த வேலை, மாமியின் ஷூ ஸ்டாண்டுக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த எக்ஸ்சேஞ்சுக்கு மின்சாரம் தர வேண்டியது மாமியின் பொறுப்பு. அதை யாரும் மாமியிடம் சொல்லவில்லை. இணைப்பு விற்றவர்கள் எத்தனை எம்பி வேகம், எத்தனை சினிமாச் சேனல் என்று சொன்னார்கள். கரண்ட் போனால் போன் பேசாது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். இந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

அதற்குப் பிறகு, உத்தர குருவாயூரப்பன் கோயிலில் பார்க்கும் வயதானவர்களிடம் எல்லாம் நான் இதைத்தான் கேட்கிறேன்: "உங்க வீட்டு ஃபைபர் பெட்டி இன்வர்ட்டர்ல இருக்கா?" பலர் வீட்டில் இன்வர்ட்டர் உண்டு, விசிறிக்கும் விளக்குக்கும் மட்டும். பெட்டி செருகியிருக்கும் பாயின்ட் அதில் சேராது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அரைமணி வேலை. இன்வர்ட்டரே இல்லாதவர்களுக்கு, இந்தப் பெட்டிகளுக்கென்றே உள்ளங்கை அளவில் பேட்டரிப் பெட்டிகள் விற்கிறார்கள். சில மணிநேரம் தாங்கும். இன்னொன்றும் சொல்வேன். வாட்ஸ்அப்பிலிருந்து 112-ஐ அழைக்க முடியாது. போலீஸ், ஆம்புலன்ஸ் எதுவானாலும் சாதாரண அழைப்புத்தான். அதற்குச் சார்ஜ் உள்ள ஒரு கைப்பேசி கட்டிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கிறது என்பது அடுத்த புகார். உடனே எல்லாரும் செய்வது, அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவது. பணம் வீண். சுருக்காத குரல் அழைப்புக்கே ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 100 கிலோபிட்கூட வேண்டியதில்லை. ஐம்பது எம்பி இணைப்பில் அது ஒரு சொட்டு. கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும். எங்கள் டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணைய) ஃபிளாட்டுகள் ஒட்டி ஒட்டிக் கட்டியவை. நடு அறையில் நின்று பார்த்தால் அண்டை வீடுகளின் வைஃபை இருபது முப்பது தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான். முப்பது வீடும் அந்த மூன்றில் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நெரிசல் குறையும், ஆனால் அது சுவரைத் தாண்டித் தாண்டி வராது. ஆகவே பெட்டியை வாசல் மூலையிலிருந்து எடுத்து, பேசுகிற அறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பேசும் நேரத்தில் வீட்டில் யாராவது கல்யாண வீடியோ முழுவதையும் ஏற்றிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லலாம். அப்புறம், கைப்பேசியின் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்று ஒன்று இருக்கும். டவர் சிக்னல் எட்டாத தரைத்தளக்காரர்கள் அதைத் திறந்துவைத்தால், அதே எண்ணில், கூடுதல் கட்டணம் இல்லாமல், வீட்டு இணையம் வழியாகவே சாதாரண அழைப்பு வரும். எங்கள் பாக்கெட்டில் பால்கனிக்கு ஓடிப்போய்ப் பேசுவது இதனால் பாதி குறைந்துவிட்டது.

முன்பெல்லாம் எண்ணே ஒரு அடையாளம். 0435 என்றால் ஊர். தில்லிக்குள்ளேயே எண்ணின் தொடக்கத்தைப் பார்த்து ஜம்னா பாரா, தெற்கு தில்லியா என்று சொல்லிவிடுவோம். இணையத்தில் குரலுக்கு ஊர் இல்லை. எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். வெளிநாட்டிலிருந்து இந்திய எண்போல வேடமிட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபர் 22-ல் தொலைத்தொடர்புத் துறை ஒரு அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணிநேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் சிக்கின. அதே மாதம் 27-ம் தேதி, 'டிஜிட்டல் கைது' என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று பிரதமர் தன் வானொலி உரையில் சொல்ல வேண்டிவந்தது. போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து, கேமராவை அணைக்காதே, யாரிடமும் பேசாதே என்று நாள்கணக்கில் முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே உட்கார வைத்துப் பணம் பறித்தார்கள். ஓய்வுபெற்றவர்கள் தனியாக இருக்கும் சொசைட்டிகள் நிறைந்த பகுதி எங்களுடையது. துண்டித்துவிட்டு, இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லி லிஃப்டுக்குப் பக்கத்தில் நாலு மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதியை, கேட்டவர்களுக்கெல்லாம் நானே போட்டுக் கொடுக்கிறேன்.

இந்தத் தொழில்நுட்பத்தால் எங்கள் வட்டாரத்தில் அதிகம் பெற்றவர் யார் என்று கேட்டால், எங்கள் வீட்டில் வேலைசெய்யும் பெண்ணைத்தான் சொல்வேன். திரிலோக்புரியிலிருந்து சஞ்சய் ஏரி ஓரமாக நடந்து வருவாள். சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். எழுத்துக் கூட்டத் தெரியாது. அவள் அம்மா 90-களில் இங்கே வேலைக்கு வந்தபோது, ஊரில் ஒரு சாவு என்றால் செய்தி வந்து சேர நாலு நாள் ஆகுமாம். பூத்தில் எண் போடவும் யாரையாவது கெஞ்ச வேண்டும். இன்று இவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, மேடைமேல் சாய்த்துவைத்த போனில் ஊரிலிருக்கும் மகனை வீட்டுப்பாடம் செய்ய வைக்கிறாள். அவன் நோட்டைக் கேமராவுக்கு நேரே காட்டுவான். "அக்கா, இது சரியா எழுதியிருக்கானா பாருங்க" என்று என்னைக் கூப்பிடுவாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குரல் செய்தி அனுப்புவாள். அவளுக்கு எங்கள் வீட்டு வைஃபை ரகசியச் சொல்லைக் கொடுத்து ஐந்து வருடம் ஆகிறது. கொடுக்கத் தயங்கும் வீடுகள் எங்கள் பாக்கெட்டிலேயே இருக்கின்றன. ஒரு பெண் தன் பிள்ளையோடு பேச எவ்வளவு டேட்டா ஆகிவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாவது அவர்கள் மனம் மாற வேண்டும்.

மார்க்கெட் முனை பூத்தில் இப்போது கூரியர் கடை. கண்ணாடிக் கூண்டை எடுக்கவில்லை, உள்ளே பார்சல்களை அடுக்கியிருக்கிறார்கள். அம்மா 2013-ல் போய்விட்டாள். அவளோடு வீடியோவில் ஒருதடவைகூடப் பேசியதில்லை.

மாமிக்கு மணிக்கட்டு கூடிவிட்டது. வெள்ளைப் பெட்டிக்கு நானே ஒரு பேட்டரி வாங்கி மாட்டினேன். போன வாரம் சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போனது. லிஃப்ட் நின்றது, கீழே தண்ணீர் மோட்டார் நின்றது, பாக்கெட் முழுக்க ஒரு நிமிடம் அமைதி. மேலே சிவப்புப் போன் மணி அடித்தது. ஜன்னல் வழியாக மாமி குரல், டிரங்க் கால் காலத்துச் சத்தத்தில், மயிலாப்பூரில் இருக்கும் தங்கைக்குப் பதில் சொல்வது தெளிவாகக் கேட்டது: "கேக்கறதுடீ, நன்னா கேக்கறது, நீ சொல்லு."